லாரி நெற்றியில் ஓர் இனிஷியல்

காலை ஏழு பத்துக்கு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் நான் முதலில் பார்த்தது, எதிரே வந்தவர் வாயிலெல்லாம் ஜிலேபியைத் திணித்துக்கொண்டிருந்த ஒரு லாரி டிரைவரை. தக்காளி விலை கேட்கப் போன எனக்கும் ஒன்று கிடைத்தது. குட்டையான மனிதர். சிரிக்கும்போதெல்லாம் கழுத்துத் துண்டால் லாரிக் கண்ணாடியைத் துடைத்தார். அன்று கண்ணாடி பளபளத்தது.

"பொம்பளப் புள்ளண்ணே!"

"ஏனுங்க, கல்யாணமாகி நாலு மாசந்தானுங்களே?" என்றார் காய்கறித் தரகர்.

"நம்ம வண்டி அம்புட்டு வேகம்ணே!"

மார்க்கெட்டே சிரித்தது. அந்தப் பெண்ணைக் கர்ப்பமாக்கிவிட்டு ஓடியவன் வேறொருவன் என்றும், தெரிந்தேதான் இவர் கட்டிக்கொண்டார் என்றும் தரகர் என் காதில் சொன்னார்.

லாரி முகப்பில் குழந்தையின் பெயரை, அதற்கு முன்னால் இடம் விட்டு, 'கயல்விழி' என்று எழுதிய பெயின்டர் திரும்பினார்.

"இனிஷியல் யாரோடதுண்ணே?"

சிரிப்பு நின்றது. டிரைவர் துண்டை உதறினார்.

"எம்பேருதான்ப்பா. ராவெல்லாம் யோசிச்சிட்டு விடியக்காலைலதான் அவ சரின்னா. பெருசாப் போடு."

பெயின்டர் 'மு' போட்டார்.

"இன்னும் பெருசா!"

அழித்துவிட்டு மறுபடி போட்டார். லாரி கேரளாவுக்குக் கிளம்பியபோது, குழந்தையின் பெயரைவிட இனிஷியல் பெரிதாக இருந்தது.