மூன்று மாதத்துக்காக விற்ற வள்ளம்

என் தம்பி அஃப்ராஸிடம் பகிடி விடக்கூடாது, விளையாட்டுக்குச் சொன்னாலும் அப்படியே எடுத்துக்கொள்வான். சின்ன வயதில் உம்மா கோபத்தில் "என்ட கண்ணுக்கு முன்னால நிக்காத" என்று ஏசினால், பொழுதுபடும்வரை ஆள் கண்ணில் படமாட்டான். அதெல்லாம் தெரிந்திருந்தும் நான் விட்டேன்.

கற்பிட்டியில் அவன் வயதுப் பொடியன்கள் கட்டாருக்குப் போக அலைந்தபோது, அவன் பதினாறு வயதிலேயே ஜவாஹிர் நானாவின் வள்ளத்தில் ஏறிவிட்டான். பன்னிரண்டு வருடம் அவருக்கு வலை இழுத்துத்தான் சொந்தமாக ஒரு வள்ளம் எடுத்தான். நீலப் பெயின்டை அவனே பூசினான். கடலைப் பற்றி என்றால் வாய் ஓயாது. மற்றதற்கெல்லாம் கேட்டால் ஒரு சொல், கேட்காவிட்டால் அதுவும் இல்லை.

நஸ்லியாவைக் கட்டிய மறுவருடம் அவள் உண்டானாள். ஓங்காளமும் சத்தியும் தொடங்கின. காலையில் எழும்பியதும் வாளியோடு குந்திவிடுவாள். இஞ்சிப் பிளேன்டீ, பிஸ்கட், தேசிக்காய், எதுவும் வயிற்றில் நிற்கவில்லை. எல்லாவற்றையும்விட மீன் மணம்தான் அவளைப் படுத்தியது. விடியக் கரைக்கு வருபவன் கிணற்றடியில் இரண்டு தரம் சவர்க்காரம் போட்டுக் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் கால் வைப்பான். அப்படியும் அவள் முக்காட்டு நுனியால் மூக்கைப் பொத்துவாள். அவன் படுக்கை கட்டிலிலிருந்து விறாந்தைக்குப் போய், பிறகு வலை வைக்கும் கொட்டிலுக்கே போய்விட்டது. அவளில் பிழையில்லை, பாவம். அவனைத் துரத்திவிட்டு அவளும் அழுவாள்.

ஒரு நாள் என்னிடம் வந்தான்.

"ராத்தா, எவ்வளவு கழுவினாலும் போகுதில்ல. என்ன செய்ற?"

நான் மூன்று பிள்ளை பெற்றவள். நாலாம் மாதம் தானாக நின்றுவிடும் என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். என் நாக்கு அப்படிப்பட்டதல்ல. "வள்ளத்த வித்துப்போட்டுப் புடவக் கடையில போய் நில்லு, மணக்காது" என்று சொல்லிச் சிரித்தேன். அவனும் சிரித்தான் என்றுதான் நினைத்தேன்.

பத்து நாளில் விற்றுவிட்டான். சிலாபத்துக்காரர் ஒருவர் வள்ளத்தை லொறியில் ஏற்றிக்கொண்டு போன பிறகுதான் எனக்கே தெரியும். நஸ்லியாவிடமும் மூச்சு விடவில்லை. கொழும்பில் ஒரு புடவைக் கடையில் போய்ச் சேர்ந்தான்.

அடுத்த மாதம் அவளுக்குச் சத்தி நின்றது. மாப்பிள்ளை இல்லாத வீட்டில் மீன் ஆணம் காய்ச்சி ருசித்துச் சாப்பிட்டாள். தான் கடலை விட்டதால்தான் நின்றது என்று அவன் நம்பினான். நாங்கள் யாரும் திருத்தவில்லை. திரும்ப ஒரு வள்ளம் எடுக்கலாம் என்றால், அந்த வருடம்தான் நாட்டில் எல்லாம் விலையேறிப்போனது. அந்த நம்பிக்கையாவது அவனுக்கு இருக்கட்டும் என்று நினைத்தேன். என் குற்றத்தை மறைக்க அது வசதியாகவும் இருந்தது.

இப்போது மகளுக்கு நாலு வயது. மாதம் ஒரு தரம் வருகிற வாப்பாவைக் கண்டால் கதவுக்குப் பின்னால் ஒளிகிறாள்.

போன மாதம் நஸ்லியா மறுபடி உண்டானாள். வெள்ளிக்கிழமை அவன் வந்தபோது நானும் அங்கே இருந்தேன். இரண்டு நாளாக அந்த வீட்டில் மீனே சமைக்கவில்லை. அவன் சட்டையில் புதுத்துணி மணமும் கொஞ்சம் அத்தரும்தான். அவன் பையைக் கீழே வைக்கக்கூட இல்லை, நஸ்லியா வாயைப் பொத்திக்கொண்டு பின்பக்கம் ஓடினாள்.

அவன் முற்றத்துக்கு இறங்கி, சட்டைக் கையை மூக்கில் வைத்துப் பார்த்தான்.

"இப்ப என்னத்த விடுற, ராத்தா?"

குத்திக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டான்.

"ஒண்டும் விடத் தேவல்ல தம்பி. நாலாம் மாசம் தானா நிண்டுடும். எல்லாருக்கும் அப்படித்தான்."

சட்டைக் கையை மூக்கிலிருந்து எடுத்தான்.

"அது அப்பவும் தெரியுமா ராத்தா?"

"ஓம்" என்றேன்.