தகரத்துக்கு அப்பாலிருந்து வந்த கேசரி

ஆரணியில் வீட்டிலேயே பட்டுச்சேலை விற்கிறேன். போன மாதம் தன் மகள் கல்யாணத்துக்குச் சேலை எடுக்க வேலூரிலிருந்து ஓர் அம்மா வந்தார். உணவு விஞ்ஞானியாம். சேலைகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தபோது பேச்சு கொரோனா காலத்துக்குப் போனது. பால் பாக்கெட்டைக்கூட சோப்புப் போட்டுக் கழுவியதைச் சொன்னேன்.

"நானும்தாங்க கழுவினேன்," என்று சிரித்தார். "மொதல்ல எங்களுக்கும் ஒண்ணும் தெரியல. சாப்பாட்டால அது பரவுறது ரொம்ப அபூர்வம்னு அப்புறம்தான் புரிஞ்சுது. கிட்ட நின்னு பேசறதுலதான் ஆபத்து."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "நோய் வந்த வீட்டுல கிண்டின கேசரின்னா?"

"சுடச்சுடக் கிண்டினதுதானே? கையக் கழுவிட்டு சாப்பிட்டிருக்கலாம். ஏங்க?"

சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரருக்குத் தொற்று என்று நகராட்சிக்காரர்கள் வாசலை மறித்துத் தகரம் அடித்துவிட்டார்கள். உள்ளே அவரும் மனைவியும் மட்டும். தினமும் கேரியரில் சாப்பாடு கொண்டுபோய்த் தகரத்தடியில் வைப்பேன். தெருவே மெச்சியது, எனக்கும் கொஞ்சம் தலைக்கனம்தான். இரண்டாம் நாள் கேரியர் கனமாகத் திரும்பி வந்தது. வெறும் பாத்திரமாகத் தரக் கூடாதே என்று, அந்தப் பெண் ஏலக்காய் மணக்கக் கேசரி கிண்டி வைத்திருந்தாள். நான் அதைக் கொல்லையில் குழி தோண்டிக் கொட்டி மூடினேன்.

"தெரியாம செஞ்சதுதானே, விடுங்க," என்றார் விஞ்ஞானி.

எப்படி விடுவது? கேசரியைக் கொட்டிய அன்று சாயங்காலமே ஓட்டலிலிருந்து பரோட்டா பார்சல் வாங்கித் தின்றோம். எந்தக் கை பிசைந்ததோ, கேட்கவே தோன்றவில்லை. இதை அவரிடம் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது.

அவர் சேலை எடுத்துக்கொண்டு கிளம்பியதும் பக்கத்து வீட்டுக்குப் போனேன். அவள் தறியில் உட்கார்ந்து, அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தாள். கணவர் அந்த நோயிலிருந்து அப்போதே பிழைத்து எழுந்துவிட்டார்; நான் போனபோது கடைத்தெருவுக்குப் போயிருந்தார்.

"அன்னிக்கு நீ குடுத்த கேசரிய நாங்க சாப்பிடல. கொட்டிட்டேன்," என்றேன்.

"தெரியும்க்கா." கை நிற்கவில்லை. "மாடியில துணி காயப்போட்டுகினு இருந்தேன். பாத்தேன்."

"பாத்துட்டு ஒரு வார்த்த கேக்காம இருந்தியா?" என்மேல் வர வேண்டிய கோபம் அவள்மேல் வந்தது.

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

"கேட்டு, நீங்க சாப்பாட்ட நிறுத்திட்டா என்னாக்கா பண்றது? வீட்டுல இருந்த கடைசி ரவையத்தான் கிண்டிக் குடுத்திருந்தேன்."