அக்காவின் பையில் இருந்த பிளக்

உள்ளங்கை அளவான செம்மஞ்சள் பிளக் ஒன்று அக்காவின் நைட்டிப் பையை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு தொங்கியதுதான் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறது. ஹைபிரிட் காரின் பேட்டரிப் பெட்டியைத் திறக்குமுன் அதைப் பிடுங்க வேண்டும். பிடுங்கினால் பேட்டரியின் தொடர்பு நடுவில் அறுந்துவிடும்; ஷாக் அடிக்காது, காரும் ஓடாது. தெரியாமல் யாரும் திருப்பிச் செருகிவிடாதபடி, வேலை செய்பவரே அதைத் தன்னிடம் வைத்திருப்பது விதி. இதை நான் சொல்லி முடிப்பதற்குள் அக்கா கையை நீட்டிவிட்டாள். "நீங்க ரெண்டு பேருமே அவசரக்குடுக்கைங்க. எங்கிட்ட இருக்கட்டும்."

மற்றவர் மச்சான், அக்காவின் கணவர். மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்துப் பக்கம் வாடகைக்கு ஓடிய ஒரே ஹயர் கார் அவருடையது. யாருக்கு முடியாமல் போனாலும் பதுளை ஆஸ்பத்திரிக்கு அதில்தான். மலையின் ஈரம் பெட்டிக்குள் புகுந்து செம்புத் தகடுகள் பச்சை பூத்து, ஒருநாள் ஏற்றத்தில் கார் நின்றுவிட்டது. பதுளை கராஜில் பேட்டரியையே மாற்றச் சொன்னார்கள். நான் அப்போதுதான் தொழில்நுட்பக் கல்லூரி முடித்து, வேலை கிடைக்காமல், கண்ணில் பட்டதையெல்லாம் கழற்றிக்கொண்டிருந்தேன். விடுவேனா? அக்காவின் பிரசவத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது என்று மருத்துவ மாது சொல்லியிருந்தார். அதற்குள் கார் ஓடியாக வேண்டும். அவளும் அதில்தான் போக வேண்டும்.

சாப்பாட்டு மேசையில் பேட்டரித் துண்டுகளைப் புத்தகம் போல அடுக்கிவைத்து, தகடுகளை வினாகிரியில் ஊறப்போட்டுத் தேய்த்தேன். வீடே ஊறுகாய் நாற்றம். மச்சான் எட்டிப் பார்ப்பார்.

"டாக்டரம்மா, நோயாளி பொழைப்பானா?"

"பொழைப்பான் மச்சான், நீங்க கைய வைக்காம இருந்தா."

பெட்டியைப் பின் சீட்டுக்குப் பக்கத்தில் திரும்ப ஏற்றி, நட்டுகளை ஒவ்வொன்றாக முடுக்கிக்கொண்டிருந்த மத்தியானம் அக்காவுக்கு வலி கண்டது. சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ஓடினேன். அம்புலன்ஸ் வேறெங்கோ போயிருந்தது, தாமதமாகும் என்றார்கள். நான் திரும்பி வந்தபோது மச்சான் மிச்ச நட்டுகளைத் தானே முடுக்கி மூடியையும் போட்டுவிட்டிருந்தார். அக்கா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பிளக்கக் குடு புள்ள" என்றார்.

அக்கா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். "எல்லா நட்டும் பாத்தியாடி?"

"இல்லக்கா. மிச்சத்த மச்சான்தான் முடுக்கினாரு. திரும்பக் கழட்டிப் பாக்க நேரமாகும்."

அவள் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "அப்ப கொழுந்து லொறியக் கூப்பிடுங்க."

லொறி வந்து, கொழுந்து மூட்டைகளை இறக்கி, அவளை ஏற்றிப் புறப்பட நேரமானது. பாதி வழியில், பசறைக்கு வருமுன்னே பிள்ளை பிறந்துவிட்டது. அது அழவில்லை. ஆஸ்பத்திரியில் யாரோ, இன்னும் கொஞ்சம் முந்தி வந்திருந்தால் என்று ஆரம்பித்து, அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள்.

கொஞ்ச நாள் கழித்து அந்த மூடியைத் திறந்தேன். உள்ளே ஒரு நட்டு விரலாலேயே சுழன்றது. தளர்ந்த இடத்தில் மின்சாரம் சூடாகும், பொறி பறக்கும். அக்கா சாய்ந்து உட்கார்ந்திருக்கக்கூடிய சீட்டுக்குப் பக்கத்திலேயே தீப்பிடித்திருக்கலாம். பிடிக்காமலும் இருந்திருக்கலாம். பதுளை வரைக்கும் தாங்கியிருக்கலாம். நான் படித்த படிப்பு அந்த நட்டு ஏன் எரியும் என்று சொல்லும். எத்தனை வளைவு தாங்கும் என்று சொல்லாது. நட்டை மச்சானின் கையில் வைத்தேன். பார்த்தார். கையை மூடிக்கொண்டார். அக்காவிடமும் சொன்னேன், அவள் செய்தது சரிதான் என்று. சரியாக இருந்து என்னடி என்பதுபோல் பார்த்தாள். அடுத்த வருஷம் வீட்டு வேலைக்குக் குவைத் போனாள். போனில் மழையைப் பற்றிக் கேட்பாள். காரைப் பற்றிக் கேட்டதில்லை. அன்று என் வாயிலிருந்து "பாத்தேன்க்கா" என்று வந்திருந்தால் என்று நான் எண்ணாத நாள் குறைவு. பொய்யைச் சொல்லியிருக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை, உண்மையைச் சொன்ன நிம்மதியும் இல்லை.

போன வாரம் அதே கார் மறுபடியும் நின்றது. அதே மேசை, அதே வினாகிரி. பிளக்கைப் பிடுங்கியதும் மச்சான் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். டாக்டரம்மா என்று கூப்பிடவில்லை. வேலை முடித்து மூடியைப் போட்டுவிட்டுக் கையை நீட்டினேன். அவர் தரவில்லை.

"எல்லா நட்டும் பாத்தியா?"

பார்த்திருந்தேன். இருந்தும் மூடியைத் திரும்பக் கழற்றி, முதல் நட்டிலிருந்து ஆரம்பித்தேன். அவர் அவசரப்படுத்தவில்லை. பக்கத்திலேயே நின்றார், பிளக்கின் கனத்தில் சட்டைப் பை ஒரு பக்கமாக இழுபட்டுத் தொங்க.