என் காரியத்துக்கு நானே பாடிய கீர்த்தனை

முதலில் தொண்டை கம்மியது. ஆலங்குடியில் பம்ப்செட் மோட்டார் கடை வைத்திருப்பவனுக்கு அது புதிதல்ல. கத்தாமல் வியாபாரம் ஏது? மிளகுக் கஷாயம் குடித்தே மாதங்களை ஓட்டினேன். நீங்கள் அப்படி இருக்காதீர்கள். இரண்டு மூன்று வாரம் தாண்டினால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

திருச்சி ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். பிறகு பயாப்சி (சதைத்துணுக்கு எடுத்துச் சோதிப்பது). குரல்நாணில் (பேசும்போது அதிரும் மெல்லிய மடிப்பு) புற்று.

“ஆரம்ப நிலைதான் சார். ரேடியேஷன்லயே குணமாக நல்ல வாய்ப்பிருக்கு” என்றார் டாக்டரம்மா.

“பாட முடியுமா மேடம்?”

“முதல்ல ஒடம்பைப் பாப்போம். பாட்டை அப்புறம் பேசுவோம்.”

கேட்டதற்குக் காரணம் உண்டு. நான் முறையாகச் சங்கீதம் கற்றவன். சுற்றுவட்டாரத்தில் பதினாறாம் நாள் காரியம் என்றால் என்னைத்தான் பாடக் கூப்பிடுவார்கள். முகாரி ராகத்தில் ஒரு கீர்த்தனை: இந்த உடல் உன்னுடையதல்ல, கேட்கும்போது கொடுத்துவிடு என்று போகும். கண்ணை மூடிப் பாடுவேன். பந்தலே அழும். நான் இரண்டாம் முறை பாயசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வருவேன்.

திரும்பும் பஸ்ஸில் ஆஸ்பத்திரிச் சீட்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தேன். மனைவி செல்வி பார்த்துக்கொண்டே வந்தாள்.

“ஊரார் வீட்டுல ஒடம்பு நம்மளது இல்லன்னு அந்த இழு இழுத்தீங்களே. இப்ப இது யாரு ஒடம்பாம்?”

எனக்கோ புதுக் கவலை ஒன்று வந்திருந்தது. குரலே போய்விட்டால் என் காரியத்துக்கு யார் பாடுவது? மறுநாள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவள் செல்போனில் அந்தக் கீர்த்தனையைப் பதிவு செய்தேன். அவள் கேட்டுவிட்டாள்.

“என்னங்க இது? பாட்டைக் காணோம், மூக்கு உறிஞ்சுற சத்தந்தான் இருக்கு. இதைப் போட்டா வந்தவங்கல்லாம் சிரிச்சுக்கிட்டுல்ல போவாங்க.”

அழித்துவிட்டாள். பிறகு அடுப்படியில் நெடுநேரம் குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

ரேடியேஷன் (கதிர்வீச்சு) கொடுக்கும்போது வலிக்காது. அதன்பின் வரும் களைப்புதான் ஆளைத் தின்கிறது. கழுத்துத் தோல் கறுத்தது. கஞ்சி முள்ளாக இறங்கியது. எச்சில் விழுங்கக் கூலிக்கு ஆள் கிடைத்தால் வைத்திருப்பேன். பேச்சு நின்றது. கடையில் சைகையால் விலை சொன்னேன். பேரம் பேச ஆளில்லாததால் வியாபாரம் கூடியதுதான் மிச்சம்.

புற்று அடங்கிவிட்டது, தொடர்ந்து காட்டி வாருங்கள் என்றார் டாக்டரம்மா. குரல் மெல்லத் திரும்பியது, யாருடையதோ போலச் சொரசொரப்பாக. பாட மட்டும் பயம்.

ஒரு காலையில் செல்வியே எதிரில் உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டாள்.

“பாடுங்க. இங்கிட்டு நான் ஒருத்திதான இருக்கேன்.”

பாடினேன். சரணத்தில் நீண்ட வரி ஒன்று. பாதியிலேயே மூச்சு தீர்ந்தது. வாயை மூடிக்கொண்டேன். அவள் கை நிற்கவில்லை.

“நீங்க மெதுவா வாங்க.”

தாளம் நான் இல்லாமலே போய்க்கொண்டிருந்தது. கறுத்த கழுத்தைத் தடவியபடி அதைக் கொஞ்சம் கேட்டுக்கொண்டிருந்தேன். மூச்சு வந்தது. விட்ட இடத்தைத் தேடவில்லை. தாளம் போய்ச் சேர்ந்திருந்த இடத்தில் நானும் சேர்ந்துகொண்டேன்.