பென்சில் புள்ளடி

ஒரு பழைய எண்ணெய் உடன்படிக்கைக்கு நான் நன்றிக்கடன் பட்டவன் என்று சொன்னால் சிரிப்பார்கள். அதனால் போன குளிர்காலத்தில் இங்கே கனடாவில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு பிற்பகல், வேலையிடத்தில் நிற்கும்போது தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது. என் மகள் மெற்றோ ரயில் நிலைய இருக்கையிலிருந்து எழும்ப முடியாமல் இருக்கிறாள், மூச்செடுக்கக் கஷ்டப்படுகிறாள், அம்புலன்ஸ் வருகிறது என்று ஒரு பெண் பிரெஞ்சில் சொன்னார். அவர் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. குழந்தை வண்டியோடு நின்றவராம். அம்புலன்ஸ் வரும்வரை மகளின் கையை விடவில்லையாம்.

மூன்று நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். இதயத்தில் ஒன்றுமில்லை, கடுமையான பதற்றம் என்றார்கள். பிறகுதான் மற்றது தெரியவந்தது. ஆறு கிழமையாக அவள் கல்லூரிக்குப் போகவில்லை. நான் கட்டிக்கொடுத்த சாப்பாட்டோடு காலையில் இறங்கி, மெற்றோவில் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாகப் போய்வந்திருக்கிறாள். பதினெட்டு வயது முடிந்த பிள்ளை என்பதால் கல்லூரி எங்களுக்கு ஒரு வரிகூட அறிவிக்கவில்லை. இப்போதும் போன் அடித்தால் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு ஓடிப்போய் எடுக்கிறேன்.

அவள் படித்தது மருத்துவத்துக்குப் போவதற்கான விஞ்ஞானப் பிரிவு. அதோடு எடுத்த ஒரேயொரு வரலாற்றுப் பாடத்தின் ஆசிரியர் மட்டும் அவளைக் கைவிடவில்லை. வகுப்புக்கு வர ஏலாவிட்டால் வீட்டிலிருந்தே எழுது, நிறையப் புத்தகம் வேண்டாம், ஒரு ஆவணத்தை மட்டும் மெதுவாக வாசி என்று ஒரு பிரதியை அனுப்பியிருந்தார். பிரிட்டிஷ் ஆதிக்கக் காலத்தில் ஒரு அரபு ஆட்சியாளர் வெளிநாட்டு எண்ணெய்க் கம்பனி ஒன்றுக்கு எழுதிக்கொடுத்த உரிமை உடன்படிக்கை அது. அந்த ஆசிரியரையும் நான் நேரில் கண்டதில்லை. தினமும் நினைத்துக்கொள்கிறேன்.

பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் எங்கள் வீட்டுக் குசினி மேசை சின்னது. அவள் ஒரு பக்கம் வாசிப்பாள், நான் மறுபக்கம் வெங்காயம் உரிப்பேன். அவள் கட்டிலை விட்டு எழும்பி வந்து இருந்ததே எனக்குப் போதும்.

"அப்பா, முழு நாட்டையும் எழுதிக் குடுத்திருக்கினம். எழுபத்தைஞ்சு வருசத்துக்கு. வேற ஆரும் தோண்டேலாது."

"விளங்காமல் கையெழுத்து வைச்சிருப்பினம்."

"அவை ஒண்டும் மொக்கர் இல்லை. நல்லாப் பேரம் பேசித்தான் இருக்கினம். ஆனால் முத்துக்குளிப்புத் தொழில் விழுந்துபோச்சு, கையில காசில்லை. தங்களைக் கேக்காமல் ஆருக்கும் உரிமை குடுக்கக்கூடாது எண்டு பிரிட்டிஷ்காரர் முதலே எழுதி வாங்கிட்டாங்கள். இதில அரபுப் பிரதியும் இருக்கு, இங்கிலிஷ் பிரதியும் இருக்கு. பிரச்சினை வந்தால் இங்கிலிஷ்தான் செல்லும்."

அவள் இத்தனை வசனம் சேர்த்துக் கதைத்து மாதக் கணக்காகியிருந்தது. அது நிற்கக்கூடாது என்பதற்காகவே நான் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு அவள் என்னைக் கேட்டாள்.

"நீங்கள் கல்ஃபில எண்ணெய்க் காம்பில வேலை செய்தனீங்கள்தானே? வாசிக்க ஏலாத பேப்பரில ஒராளை எப்பிடிக் கையெழுத்து வைக்கப் பண்ணுறது?"

கனடாவுக்கு வருமுன் இரண்டு வருடம் அங்கே ஒரு ஒப்பந்தக்காரரின் அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தேன். தொழிலாளரிடம் கையெழுத்து வாங்குவதுதான் என் வேலை. கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். கடைசித் தாளை மட்டும் திறந்து வைக்கவேண்டும். கையெழுத்து வரவேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போலச் சின்னதாக ஒரு புள்ளடி. தாளை அவர் பக்கம் திருப்பி, அவர் வாய் திறக்குமுன் பேனையைக் கையில் கொடுத்துவிடவேண்டும். அவர் போனதும் புள்ளடியை அழித்துவிட்டால் ஃபைல் சுத்தமாக இருக்கும்.

அவள் எழுதுவதை நிறுத்தினாள்.

"எனக்கும் அப்பிடித்தான் போட்டனீங்கள்."

உடனே ஞாபகம் வந்தது. கல்லூரி விண்ணப்பத்தைக் கணினியில் நானே நிரப்பினேன். விஞ்ஞானப் பிரிவைத் தெரிவு செய்ததும் நான்தான். கையெழுத்துத் தாளை அச்செடுத்து, பென்சிலால் புள்ளடி போட்டு, அவள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நீட்டினேன். சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டுக் கையெழுத்து வைத்தாள். அப்பா நீட்டும் தாளை எங்கள் வீட்டில் வாசிப்பதில்லை. அதை நான் நல்ல பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன். புள்ளடியையும் பிறகு கவனமாக அழித்தேன்.

வெட்கத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது. "அப்ப நான் என்ன, எண்ணெய்க் கொம்பனியே?"

"அதைவிட மோசம் அப்பா. அவங்கள் எண்ணெய் வந்தால் டொன்னுக்கு இவ்வளவு எண்டாவது குடுத்தவங்கள்."

அடுப்படியில் நின்ற மனைவி திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். "நல்லாச் சொல்லு. கலியாணம் கட்டின நாளில இருந்து என்னட்டையும் புள்ளடி போட்டுத்தான் நீட்டுறார்."

மகள் சிரித்தாள். ஆஸ்பத்திரிக்குப் பிறகு முதல் தடவை. அந்தச் சிரிப்புக்காக நான் எந்தக் கொம்பனியாகவும் இருக்கத் தயார்.

அந்த உடன்படிக்கைகள் பிறகு என்ன ஆயின என்று கேட்டேன். பின்னால் வந்தவற்றில் ஒரு நிபந்தனை சேர்த்தார்களாம். கம்பனி தோண்டாமல் வைத்திருக்கும் நிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்கவேண்டும்.

அடுத்த நாள் காலை பாண் வெட்டிக்கொண்டே கேட்டேன்: "உனக்கு என்ன படிக்க விருப்பம்?" அவள் பிறந்ததிலிருந்து இந்தக் கேள்வியை நான் கேட்டதே இல்லை என்பது கேட்ட பிறகுதான் உறைத்தது.

"தெரியாது. பேந்து சொல்லுறன்."

அந்தப் "பேந்து" ஐந்து மாதம் நீண்டது. அத்தனை மாதமும் மறுபடி கேட்காமல் வாயைக் கட்டியிருந்தது எனக்கு லேசான காரியமில்லை. மனைவி இரண்டு தரம் மேசைக்குக் கீழே என் காலை மிதித்திருக்கிறாள்.

செப்டெம்பரில் சமூக விஞ்ஞானப் பிரிவுக்கு மாறி, இரண்டு பாடத்தோடு அவள் திரும்பவும் தொடங்கினாள். அந்தக் கிழமையே ஒரு படிவத்தை மேசையில் வைத்தாள். அவசரத்துக்குக் கல்லூரி யாரை அழைக்கலாம் என்பதற்கான அனுமதி. தன் கையெழுத்தை வைத்துவிட்டாள். என்னுடையது வரவேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளடி.

நான் பேனையை எடுத்தேன். அவள் தாளின் மேல் கையை வைத்தாள்.

"முதல் வாசியுங்கோ."

கண்ணாடியைத் தேடி எடுத்து வாசித்தேன். என் பிரெஞ்சு வேலையிடத்துப் பிரெஞ்சு. விளங்காத இடத்தில் விரலை வைத்தேன், அவள் தமிழில் சொன்னாள். ஒரு பக்கத்துக்கு அரை மணித்தியாலம் எடுத்தது. அவசரத்துக்கு மட்டும். இந்த ஒரு கல்வியாண்டுக்கு மட்டும். பரீட்சைப் புள்ளிகளைப் பற்றியோ வகுப்புக்கு வருகிறாளா என்பதைப் பற்றியோ விசாரிக்க முடியாது.

"வாறியா இல்லையா எண்டதையாவது சேர்க்கலாமே?"

"ஏலாது அப்பா."

"மாசத்துக்கு ஒருக்கால்?"

"ஏலாது."

"கோல் வந்தால் உடன வரலாம்தானே?"

"அதுக்குத்தானே உங்கட பேரைப் போட்டனான்."

கையெழுத்து வைத்தேன். அவள் அழிறப்பரை எடுத்தாள். புள்ளடி இருக்கட்டும் என்றேன்.