நாலு மூலைக் கயிறு

என் கையெழுத்து கோணல், எழுத்துப் பிழையும் வரும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இலங்கையிலிருந்து இத்தாலிக்கு, பலேர்மோவில் உள்ள அக்கா வீட்டுக்கு வந்திருக்கிறேன். அத்தான் பொலிதேயாமா நாடக அரங்கின் முன் நடைபாதையில் துணி விரித்துக் கறுப்புக் கண்ணாடி விற்கிறார். துணியின் நாலு மூலையிலும் கயிறு உண்டு. பொலிஸ் வந்தால் ஒரே இழுப்பில் மூட்டையாக்கி ஓடத்தான் அது. ஆனால் நகரப் பொலிஸ் இனி நடைபாதை வியாபாரிகள்மேல் கைவைக்கக் கூடாது, தடி எடுக்கக் கூடாது, வாயால்தான் சொல்ல வேண்டும் என்று நகரசபை நேற்றுத் தீர்மானித்திருக்கிறது. அதை நம்பி அத்தான் இன்று ஓடாமல் இருக்கிறார்.

பொலிஸ் வாகனம் வந்து நிற்கிறது. ஊர்ச் சோதனைச்சாவடிப் பழக்கத்தில் நான் பாஸ்போர்ட்டை நீட்டிக்கொண்டு எழும்புகிறேன்.

“இரு மச்சான், உன்னை ஆர் கேட்டது?” என்கிறார் அத்தான். என்னைப் பிடித்து இருத்திவிடுகிறார்.

பெண் பொலிஸ் ஒருவர் குனிந்து ஏதோ சொல்கிறார். தடி இடுப்பிலேயே இருக்கிறது.

“ஆக்களுக்கு வழி விட்டு விரிக்கட்டாம்,” என்கிறார் அத்தான். துணியை ஒரு முழம் உள்ளே இழுக்கிறார். வாகனம் போய்விடுகிறது!

எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருக்கிறது, கூச்சத்தில் தட்டவில்லை. அத்தான் நாலு கயிற்றையும் அவிழ்த்து என் மடியில் போடுகிறார்.

“கொண்டுபோய் அக்காவிட்டைக் குடு. உடுப்புக் காயப்போடட்டும்!”

ஒருவழியாக எழுதி முடித்தது: ஞாயிறு, வைகாசி 11.