பிறந்த வீட்டுக் கோடி

அம்மாவின் உடலருகே மாலை வாசத்தை மீறி மீன் வாடை வந்ததும், இன்று நகைக்கடையாகிவிட்ட எங்கள் தி. நகர் வீட்டின் பின்வாசல் நினைவுக்கு வந்தது. நொச்சிக்குப்பத்து மீன்காரம்மா அங்கே கூடையை இறக்கி, செதில் தெறிக்கச் சங்கரா மீனை ஆய்ந்தபடி அம்மாவோடு தணிந்த குரலில் வெகுநேரம் பேசிக்கொண்டிருப்பாள். அவள் தெரு திரும்பும் முன்பே அம்மா, "வாசலக் கழுவி விடுங்கடி" என்று விரட்டுவாள். நானும் அக்காவும் மூக்கைப் பிடித்துக்கொண்டு கழுவுவோம்.

தனக்குப் பிறந்த வீடே இல்லை என்று சொல்லிவந்தவள் அம்மா. பிறந்த வீட்டார் மட்டுமே போர்த்தும் கோடிப் புடவையை இன்று கிழவியாகிவிட்ட அந்த மீன்காரம்மா போர்த்தினாள். "என் தங்கச்சி, என்னை வுட்டுட்டுப் பூட்டியே" என்று அழுதாள்.

பெரியம்மா என்று கூப்பிட எங்கள் இருவருக்கும் வாய் எழவில்லை.

கிளம்பும்போது அவளே சொன்னாள்: "நான் போனதும் வாசலக் கழுவிக்கோங்கம்மா."